உதவி பெறுவோர் யார்?

தேயிலை ஏலத்தின் விலை நிலவரத்தை வெளியிடுவது போலவே பிறநாட்டு மாணவர் தொகையையும் இன்று பத்திரிகைகள் வெளியிட்டு வருகின்றன. இந்த நாட்டிலே இத்தனை ஆயிரம் கூடிற்று, அந்த நாட்டிலே இத்தனை வீதம் குறைந்தது, இந்தியா சீனாவை முந்திற்று என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. தொகை கூடினால் பல்கலைக்கழக நிருவாகிகள் மகிழ்கின்றனர், குறைந்தால் கலங்குகின்றனர். மந்திரிமாரின் நிலையோ இதற்கு நேர்மாறானது. தொகை குறைந்ததைத் தமது சாதனையென்று அவர்கள் பாராளுமன்றத்திலே எடுத்துரைக்கின்றனர். இரு சாராரும் பேசுவது ஒரே தொகையைப் பற்றித்தான். ஆனால், அந்தத் தொகைக்குள்ளே அடங்கியிருப்போர் பதினெட்டும் இருபதும் வயதான இளைஞர்கள் என்பதும், அவர்களைப் பல ஆண்டுகள் படிப்பித்து அனுப்பியோர் பெரும்பாலும் ஏழை நாடுகளின் மக்கள் என்பதும் இரு சாராரின் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

யுனெஸ்கோ நிறுவனத்தின் கணக்குப்படி, 2000ஆம் ஆண்டளவில் தாய்நாட்டுக்கு வெளியே உயர்கல்வி கற்றோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். 2022ஆம் ஆண்டில் இத்தொகை 69 இலட்சத்தை அண்மித்தது. மனித குலம் அறிவை நாடி எல்லை கடக்கின்றது என்று இதைக் கண்டு பூரிப்போர் உளர். நாளந்தாவையும் யுவான் சுவாங்கையும் நினைவூட்டி மேடைகளிலே பேசுவோரும் உளர். நாளந்தாவிலே அந்தச் சீனத் துறவியிடம் எவரும் கட்டணம் கேட்கவில்லை. அவருக்கு நாள்தோறும் உணவளித்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களின் வருவாய் அந்தப் பெரும்பள்ளியைத் தாங்கிற்று. இன்றைய நிலை என்ன? ஏழை நாடுகளின் கிராமங்கள் தமது காணியையும் நகையையும் ஈடுவைத்துச் செல்வ நாடுகளின் பல்கலைக்கழகங்களைத் தாங்குகின்றன. இதற்குச் 'சர்வதேசக் கல்வி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பெயருக்குள்ளே மறைந்து கிடக்கும் கொடுக்கல் வாங்கலை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த நிலை எவ்வாறு தோன்றியது என்பதை அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை, கொழும்பிலிருந்தே தொடங்கலாம். 1950ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார மந்திரிகள் கொழும்பிலே கூடினர். அவுஸ்திரேலிய மந்திரி பேர்சி ஸ்பெண்டரும் அன்றைய இலங்கை நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் முன்வைத்த யோசனைகளிலிருந்து பிறந்ததே கொழும்புத் திட்டம். 1951ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தின் கீழ் ஆசிய நாடுகளின் மாணவர் பலர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று கற்றனர். 1980களின் நடுப்பகுதி வரையில் இவ்வாறு சென்றோர் இருபதினாயிரத்துக்குக் குறையார். எந்திரிகளாகவும் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் தத்தம் நாடுகளுக்கு மீண்டு உழைத்தோர் அவர்களுட் பலர்.

கொழும்புத் திட்டத்தை நாம் கண்களை மூடிக்கொண்டு புகழவேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டிலே சீனத்தில் புரட்சி வென்றது. ஏனைய ஆசிய நாடுகளின் இளைஞரும் பொதுவுடைமையின் பக்கம் சாய்ந்துவிடுவர் என்ற அச்சமே இத்திட்டத்தைப் பெற்றெடுத்த தாய். அவுஸ்திரேலியாவிலோ வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும் கொள்கை அப்பொழுது முழு வலிமையோடிருந்தது; 1973ஆம் ஆண்டிலேதான் அது முற்றாகக் கைவிடப்பட்டது. விருந்தாளியாக வா, படித்து முடிந்ததும் போய்விடு என்பதே அந்நாளைய உபசாரம். இவை யாவும் உண்மை. எனினும், செலவை யார் ஏற்றனர் என்ற கேள்விக்கு அன்று தெளிவான விடை இருந்தது. புலமைப்பரிசில் பெற்று வந்தவரின் செலவை அழைத்த நாடே ஏற்றது. அவர்களைவிடப் பெருந்தொகையாகச் சொந்தச் செலவிலே வந்தவர்களும் உள்ளூர் மாணவர் செலுத்திய அதே குறைந்த கட்டணத்தையே செலுத்தினர். 1974ஆம் ஆண்டு விட்லம் அரசாங்கம் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தபோது, தொகைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தபோதிலும், அந்த நன்மை பிறநாட்டு மாணவருக்கும் கிடைத்தது.

இந்நிலை நீடிக்கவில்லை. 1980ஆம் ஆண்டு முதல் பிறநாட்டு மாணவர்மீது தனியானதொரு கட்டணம் விதிக்கப்பட்டது. அது கல்விச் செலவில் ஒரு பகுதியை மட்டும் ஈடுசெய்வதாயிருந்தது. 1984ஆம் ஆண்டிலே இரு குழுக்கள் தத்தம் அறிக்கைகளை வெளியிட்டன. பிறநாட்டு மாணவர் கொள்கையை ஆராய்ந்த கோல்டிறிங் குழு, கல்வியைச் சந்தைப் பண்டமாக்கும் வழியை ஏற்கவில்லை. வெளிநாட்டு உதவியை ஆராய்ந்த ஜாக்சன் குழுவோ, கல்வியை ஏற்றுமதித் தொழிலாக வளர்க்கவேண்டும் என்றது. உதவியை ஆராய அமைக்கப்பட்ட குழு வியாபாரத்தைச் சிபார்சு செய்த விந்தையை வாசகர் கவனிக்கவேண்டும். அரசாங்கம் இரண்டாவது வழியையே தேர்ந்தது. 1985ஆம் ஆண்டிலே முழுக்கட்டண மாணவரைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்களுக்கு வழிதிறக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டிலிருந்து புதிதாக வரும் பிறநாட்டு மாணவர் அனைவரும் முழுக்கட்டணம் செலுத்தவேண்டும் என்பது விதியாயிற்று. இதனைச் செய்தது முதலாளிகளின் கட்சியன்று. ஹோக் தலைமையிலான தொழிற்கட்சி அரசாங்கமே இதனைச் செய்தது. இடதுசாரி எண்ணமுடைய நாம் இந்தக் கசப்பை விழுங்கியே ஆகவேண்டும்.

2023ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் ஏற்றுமதிப் பட்டியலில் இரும்புக் கனியம், நிலக்கரி, இயற்கை வாயு ஆகியவற்றுக்கு அடுத்த இடத்திலே கல்வி நின்றது. அவ்வாண்டில் அதன் பெறுமதி ஏறத்தாழ 4,800 கோடி அவுஸ்திரேலிய டொலர் எனக் கணக்கிட்டுள்ளனர். இந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. கல்விக் கட்டணத்தோடு அம்மாணவர் அங்கே செலுத்தும் வாடகை, வாங்கும் அரிசி, பேருந்துக்குக் கொடுக்கும் காசு யாவும் 'ஏற்றுமதி' என்றே அதில் சேர்க்கப்படுகின்றன. அந்தக் காசு ஊரிலிருந்து வந்ததா, அன்றி மெல்பேண் நகரிலே இரவிரவாகப் பாத்திரம் கழுவிச் சம்பாதித்ததா என்று கணக்கர் பார்ப்பதில்லை. அந்த மண்ணிலே உழைத்து, அந்த மண்ணிலேயே செலவழித்து, அந்த நாட்டின் செல்வத்தைப் பெருக்கும் ஒரு தொழிலாளியை ஏற்றுமதி வருமானம் என்று பெயரிட்டு ஏட்டிலே பதிவுசெய்துகொள்கிறார்கள்.

அந்த உழைப்புக்குரிய கூலியாவது நேர்மையாகக் கிடைக்கின்றதா? அங்குள்ள ஒரு பிரபல சில்லறைக்கடைத் தொடரிலே பிறநாட்டு மாணவர்கள் சட்டபூர்வமான கூலியின் பாதியளவே பெற்று வேலைசெய்தமை 2015ஆம் ஆண்டிலே அம்பலமாயிற்று. அவர்கள் ஏன் வாய்திறக்கவில்லை? மாணவர் வாரத்துக்கு இத்தனை மணித்தியாலமே வேலைசெய்யலாம் என்றொரு விதி உண்டு. அதனை மீறினால் வீசா பறிபோகும். முதலாளி முதலில் மேலதிக நேரம் வேலைவாங்குவான்; பின்னர் அதனையே காட்டி மிரட்டுவான். மாணவரைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட விதி முதலாளியின் கைப்பிரம்பாக மாறிய கதை இது.

2020ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது இந்த உபசாரத்தின் முகத்திரை முற்றாகக் கிழிந்தது. அவுஸ்திரேலிய அரசாங்கம் வழங்கிய கூலி மானியத்திலிருந்து பிறநாட்டு மாணவர் விலக்கப்பட்டனர். தம்மைத் தாமே தாங்கிக்கொள்ள இயலாதோர் தத்தம் நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்று அந்த ஏப்பிரில் மாதத்திலே பிரதம மந்திரி ஸ்கொட் மொறிசன் கூறினார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மொத்த வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தொகை அம்மாணவர் செலுத்திய கட்டணமாக வந்திருந்தது. வீட்டுச் செலவில் காற்பங்கைத் தாங்கியவனைப் பார்த்து, நோய்க்காலத்திலே, 'உன் வழியைப் பார்த்துக்கொள்' என்று சொல்லும் குடும்பத்தை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

பிரித்தானியாவின் கதை இதற்கும் மூத்தது. 1967ஆம் ஆண்டு வரையில் அங்கு உள்நாட்டு மாணவருக்கும் பிறநாட்டு மாணவருக்கும் கட்டணத்திலே வேறுபாடு வகுக்கப்படவில்லை. அவ்வாண்டிலே, வில்சனின் தொழிற்கட்சி ஆட்சியில், உள்நாட்டவருக்கு ஏறத்தாழ 70 பவுணாக இருந்த கட்டணம் பிறநாட்டவருக்கு 250 பவுணாயிற்று. தட்சர் அம்மையார் 1979ஆம் ஆண்டிலே ஆட்சிக்கு வந்ததும், பிறநாட்டு மாணவர் கல்வியின் முழுச் செலவையும் செலுத்தவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியப் பிரதம மந்திரி மகதீர் 1981ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பொருள்களைக் கடைசியாகவே வாங்கவேண்டும் என்று கட்டளையிட்டதற்கு இந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணம். நமது மக்களுக்கும் இதில் ஒரு நேரடி அநுபவம் உண்டு. 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தலினால் இங்கு பல்கலைக்கழகக் கதவு அடைபட்ட தமிழ் மாணவருட் சிலர், காணியை விற்றும் கடன்பட்டும் இலண்டன் சென்று படித்தனர். அவர்களுக்குப் பின்னே அதே வழியை நம்பியிருந்தோர் 1980ஆம் ஆண்டிலே இரண்டாவது கதவும் அடைபடுவதைக் கண்டனர். ஓர் அரசாங்கம் மொழியின் பேரால் அடைத்தது. மற்றோர் அரசாங்கம் விலையின் பேரால் அடைத்தது.

அதன் பின்னர் பிரித்தானியா நடத்திவரும் நாடகம் ஊஞ்சலாட்டம் போன்றது. 1999ஆம் ஆண்டிலே பிளெயர் அரசாங்கம் பிறநாட்டு மாணவரைத் திரட்டுவதற்கெனத் தனியானதொரு முயற்சியைத் தொடங்கிற்று. 2012ஆம் ஆண்டிலே, படிப்பு முடிந்தபின் வேலைதேடத் தங்கும் உரிமை நீக்கப்பட்டது. சில ஆண்டுகளிலே இந்திய மாணவர் தொகை பாதிக்குங் கீழே வீழ்ந்தது. 2021ஆம் ஆண்டிலே அவ்வுரிமை மீண்டும் வழங்கப்பட்டது. 2022-23ஆம் கல்வியாண்டில் மொத்தத் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 59 ஆயிரத்தை எட்டிற்று. உடனே கூக்குரல் எழுந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் பெரும்பாலான முதுமாணி மாணவர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடனழைத்து வருவது தடுக்கப்பட்டது. தங்கும் உரிமையும் 2027ஆம் ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறையும் என அறிவிக்கப்பட்டுள்ளது. இவற்றுக்கு மேலாக, இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பிறநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 925 பவுண் வீதம் அரசாங்கத்துக்கு இறுக்கவேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் கூறுகின்றது; 2028ஆம் ஆண்டு முதல் இது அமுலாகும். வராதே என்று சொல்லிக்கொண்டே வந்தவனிடம் வரிவாங்கும் இந்த நுட்பத்தைக் குடியேற்ற ஆட்சி நடத்தியவர்கள் மறந்துவிடவில்லை.

இந்த ஊசலாட்டத்தின் அடிப்படை என்ன? இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 2012ஆம் ஆண்டில் 9,000 பவுணாக உயர்த்தப்பட்டது. 2017ஆம் ஆண்டில் 9,250 பவுணாகிப் பின்னர் 2025ஆம் ஆண்டு வரை அசையாதிருந்தது. அக்காலத்திலே விலைவாசி வெகுவாக ஏறிற்று. அரசாங்கமோ தனது மானியத்தை முன்னமே வெட்டியிருந்தது. இடைவெளியை நிரப்பப் பல்கலைக்கழகங்கள் பிறநாட்டு மாணவரை நாடின. ஏனெனில் அவர்களுடைய கட்டணத்துக்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது. செல்வந்தரிடம் வரிவாங்கப் பயந்த அரசாங்கங்கள் லாகோசிலும் கைதராபாத்திலும் கொழும்பிலும் உள்ள குடும்பங்களிடம் வரிவாங்குகின்றன என்பதே இதன் சாரம். இந்த வரியைச் செலுத்துவோருக்கு அந்நாட்டிலே நிலையான குடியுரிமையுமில்லை, வரவுசெலவுத் திட்டத்திலே ஒரு வார்த்தை சொல்லும் உரிமையுமில்லை.

கனடாவைப் பார்ப்போம். ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் 2019ஆம் ஆண்டிலே உள்நாட்டு மாணவர் கட்டணத்தை 10 வீதத்தாற் குறைத்து, அத்தோடு உறையவைத்தது. மாணவருக்கு இது நல்ல காரியமே. ஆனால் குறைந்த வருமானத்துக்கு ஈடாக அரசாங்கம் மானியத்தை உயர்த்தவில்லை. விளைவு என்ன? அம்மாகாணத்தின் அரசாங்கக் கல்லூரிகளைப் பற்றிக் கணக்காய்வாளர் நாயகம் 2021ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையின்படி, மாணவரில் 30 வீதத்தினர் பிறநாட்டவர். கட்டண வருமானத்தில் 68 வீதம் அவர்களிடமிருந்து வந்தது. அவர்களிலே பெரும்பான்மையோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பஞ்சாபின் உழவர் குடும்பங்கள் ஒன்ராறியோவின் கல்லூரிகளை நடத்தின என்று சொன்னால் அது மிகையாகாது.

2023ஆம் ஆண்டின் முடிவிலே கனடாவில் கல்வி அனுமதி பெற்றிருந்தோர் 10 இலட்சத்துக்கு மேற்பட்டனர். வீட்டு வாடகை தாங்கமுடியாதபடி ஏறிற்று, மக்கள் முணுமுணுத்தனர். குடிவரவு மந்திரி மார்க் மில்லர், காசுக்குப் பட்டம் வழங்கும் சில கல்லூரிகளை நாய்க்குட்டிகளைப் பெருக்கி விற்கும் கொட்டில்களுக்கு ஒப்பிட்டார். உவமையிலே மாணவர் எந்த இடத்திலே நிற்கின்றனர் என்பதை அவர் எண்ணிப்பார்த்தாரோ தெரியாது. 2024ஆம் ஆண்டு ஜனவரியிலே புதிய அனுமதிகளை ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரமாக, முந்திய ஆண்டைவிட 35 வீதம் குறைவாக, மட்டுப்படுத்தினர். 2026ஆம் ஆண்டுக்குப் புதிதாக வரும் மாணவருக்கென 1 இலட்சத்து 55 ஆயிரம் என்ற இலக்கே வகுக்கப்பட்டது. கல்லூரிகள் பாடநெறிகளை மூடின. ஆசிரியரும் ஊழியரும் ஆயிரக்கணக்கிலே வேலையிழந்தனர். இதைத்தான் நமது ஆசிரிய நண்பர்கள் நன்கு உணரவேண்டும். பிறநாட்டு மாணவரின் கட்டணத்தின்மீது எழுப்பிய கட்டடம் சரிந்தபோது, அது உள்நாட்டு ஆசிரியரின் தலையிலேயே விழுந்தது.

அவுஸ்திரேலியாவும் இதே பாதையிலே சென்றது. அங்கு மாணவர் வீசாவுக்கான கட்டணம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 டொலராகவும், அடுத்த ஆண்டு 2,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் இக்காசு திரும்பக் கிடைப்பதில்லை. புதிய மாணவர் தொகை 2025ஆம் ஆண்டுக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம் என்று வரையறுக்கப்பட்டு, 2026ஆம் ஆண்டுக்கு 2 இலட்சத்து 95 ஆயிரமாகச் சற்றுத் தளர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலிலே எதிர்க்கட்சியோ தொகையை இன்னும் குறைப்பதாகவும், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வருவோரின் வீசாக் கட்டணத்தை 5,000 டொலராக்குவதாகவும் வாக்குறுதியளித்தது. ஐக்கிய அமெரிக்காவிலே 2024-25ஆம் கல்வியாண்டின் தொகை 11 இலட்சத்து 77 ஆயிரத்தைக் கடந்து முன்னென்றுமில்லாத உச்சத்தை எட்டிற்று. 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே மாணவர் வீசாவுக்கான புதிய நேர்முகங்கள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலே புதிதாகச் சேர்ந்தோர் தொகை 17 வீதத்தால் வீழ்ந்தது என்று பல்கலைக்கழகங்களிடையே நடத்திய ஆய்வு கூறிற்று.

வீடில்லாக் குறைக்கு மாணவரே காரணம் என்ற கூற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். பெருந்தொகையானோர் ஒரு நகரிலே வந்து சேர்ந்தால் வாடகை ஏறும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பொது வீடமைப்பைப் பல தசாப்தங்களாகப் புறக்கணித்தவர் யார்? வீட்டை வாழுமிடமாகக் கொள்ளாது முதலீடாகக் கொள்வோருக்கு வரிச்சலுகை வழங்கியவர் யார்? மாணவரை ஆயிரக்கணக்கிலே சேர்த்துக் கட்டணம் வாங்கிய நிறுவனங்கள் அவர்களுக்கென எத்தனை விடுதிகளைக் கட்டின? ஓர் அறையிலே ஐவரும் அறுவரும் படுத்துறங்கி, முறைவைத்து அடுப்பைப் பயன்படுத்தும் மாணவனே அந்த வாடகைக் கொள்ளையின் முதற்பலி. அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, பசித்தவனைப் பஞ்சத்துக்குக் காரணங் காட்டுவது போன்றது.

நம்மவருள்ளேயே சிலர் வேறொரு வாதத்தை முன்வைப்பர். இவர்கள் படிக்கவா போகின்றனர்? குடியேறும் நோக்கத்தோடு போகின்றனர். கல்வி வெறும் சாட்டு என்பர். இக்கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால், அந்தச் சாட்டை விற்றவர் யார்? 'படித்துமுடிந்ததும் வேலைசெய்யலாம், நிலையாகத் தங்கவும் வழியுண்டு' என்பதை முகப்பிலே எழுதி ஊரூராக விளம்பரம் செய்தோர் அந்தக் கல்லூரிகளும், மாணவர் தலைக்கு இவ்வளவு எனத் தரகு பெறும் முகவர்களுந்தான். கனடாவுக்குச் சென்ற பஞ்சாப் மாணவர் பலரின் அனுமதிக் கடிதங்கள் போலியானவை என்பது 2023ஆம் ஆண்டிலே வெளிவந்தபோது, முதலிலே நாடுகடத்தல் கட்டளை வந்தது மாணவருக்கே. ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள் என்பதை ஏற்பித்துக்கொள்ள அவர்கள் வீதியிலே அமர்ந்து போராடவேண்டியிருந்தது. மேலும், உழைத்து வாழ ஒரு நாட்டைத் தேடுவது குற்றமுமன்று. தொழிலாளர் தேவையென்றால் தொழிலாளருக்குரிய உரிமையோடு அழைக்கவேண்டும். மாணவர் என்ற பெயரிலே கட்டணமும் வாங்கி, தொழிலாளர் என்ற முறையிலே மலிவான உழைப்பையும் வாங்கி, இரண்டு பெயருக்குமுரிய உரிமைகளையும் மறுப்பதே குற்றம்.

இன்னொரு சாரார், பணமுள்ளவன் போகிறான், உமக்கென்ன என்று கேட்பர். உண்மையான பணக்காரரைப் பற்றி நாமும் கவலைப்படவில்லை. ஆனால் இன்று போவோருட் பெருந்தொகையினர் அரச ஊழியரின், சிறு வியாபாரியின், கமக்காரரின் பிள்ளைகள். 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்திலே 360 ரூபாவளவுக்கு ஏறியபோது, பிள்ளையின் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை எதிர்பார்த்திருந்த தகப்பன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்பது தெரிந்துவிட்டது. நைஜீரியாவிலும் 2023ஆம் ஆண்டு நாணயப் பெறுமதி சரிந்தபோது பிரித்தானியாவிலிருந்த அந்நாட்டு மாணவருக்கு இதே கதி நேர்ந்தது. அடுத்த ஆண்டிலே அங்கிருந்து வருவோர் தொகை பெரிதும் வீழ்ந்தது. கல்வியின் தரமோ மாணவரின் திறமையோ குறைந்ததால் இந்தத் தொகை குறையவில்லை. நாணய மாற்று விகிதமே எவர் படிக்கலாம், எவர் இடைநடுவில் நிறுத்தவேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். ஜேர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிலே பிறநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் மட்டும் 2017ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகின்றது. 2024-25ஆம் கல்வியாண்டில் அங்கு கற்ற பிறநாட்டு மாணவர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். இதுவும் தூய கருணையன்று. முதுமையடையும் ஒரு நாட்டுக்கு எந்திரிகளும் மருத்துவரும் தேவை. ஓராண்டுச் செலவுக்கென ஏறத்தாழ 12,000 யூரோவை முன்கூட்டியே வங்கியில் வைத்துக்காட்டவேண்டும் என்ற விதியும் ஏழைக்கு ஒரு மதில்தான். ஆயினும், ஒரு பெரிய நாடு பிறநாட்டு மாணவரின் பையைத் தடவாமலே பல்கலைக்கழகங்களை நடத்தலாம் என்பதற்கு அது சான்று. நோர்வேயும் நெடுங்காலம் அவ்வாறே நடத்திற்று. 2023ஆம் ஆண்டிலே ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருவோருக்குக் கட்டணம் விதித்தது. வருவோர் தொகை உடனே பெருவீழ்ச்சி கண்டது. கட்டணம் யாரை வடிகட்டுகின்றது என்பதை அந்த வீழ்ச்சி காட்டுகின்றது.

சோசலிச நாடுகளின் முன்மாதிரியையும் நினைவுகூரவேண்டும். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் இளைஞருக்கென 1960ஆம் ஆண்டிலே மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலே கொங்கோவின் தியாகி பற்றிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இலங்கையின் வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே கற்று மீண்டனர். அங்கும் வல்லரசின் நோக்கம் இருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. சோவியத் ஆட்சி வீழ்ந்தபின் 1992ஆம் ஆண்டிலே லுமும்பாவின் பெயர் நீக்கப்பட்டதும், 2023ஆம் ஆண்டிலே மீண்டும் சூட்டப்பட்டதும், இடையிலே கட்டணப் படிப்பு அங்கும் புகுந்ததும் அக்கதையின் பகுதிகளே. பொருளாதாரத் தடையினால் நெருக்குண்ட சின்னஞ்சிறு கியூபா, 1999ஆம் ஆண்டிலே தொடங்கிய இலத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மூலம், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை மருத்துவராக்கியிருக்கிறது. படித்தபின் மருத்துவரில்லாத ஊர்களுக்குச் சென்று பணியாற்றுங்கள் என்பதே அம்மாணவரிடம் அது வேண்டிய கைம்மாறு. கியூபாவால் இயன்றது கனடாவால் இயலாது என்று எந்தப் பொருளியல் நிபுணர் நமக்கு நிறுவிக்காட்டப் போகிறார்?

இனி நமது வீட்டைப் பார்ப்போம். 1945ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு வழிதிறந்தது. அந்தக் கல்வியின் செலவைத் தோட்டத்திலே கொழுந்து பறித்த பெண்ணும் வயலிலே உழுத கமக்காரனும் தாங்கினர். பதின்மூன்று ஆண்டுகள் அவர்களுடைய உழைப்பினாலே கற்ற ஒரு மாணவனை, வளர்ப்புச் செலவு ஒரு சதமுமின்றி, ஆயத்தமான பண்டமாகச் செல்வ நாடு பெற்றுக்கொள்கிறது. பெற்றுக்கொண்டதற்கு விலை கொடுப்பதற்குப் பதிலாக அவனிடமே விலை வாங்குகிறது. 1951ஆம் ஆண்டில் உதவி மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்தது. இன்று உதவி கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறது. கொழும்புத் திட்டம் தலைகீழாக நடைபெறுகிறது. பெயரை மட்டும் எவரும் மாற்றிச் சொல்வதில்லை.

இதிலே நமது ஆட்சியாளரும் குற்றமற்றவரல்லர். உயர்தரப் பரீட்சையிலே பல்கலைக்கழகத்துக்குத் தகுதிபெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இங்கு இடமுண்டு. ஏனைய மூவரும் எங்கே போவது? கல்விக்கு நாட்டு வருமானத்தில் 2 வீதத்தைக்கூட ஒதுக்க மனமில்லாத அரசாங்கங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் ஒரு பாதுகாப்பு வாயில். இடம் கிடைக்காத இளைஞன் விமான நிலையத்துக்குப் போனால் வீதிக்கு வரமாட்டான் அல்லவா? சென்றவன் பின்னர் டொலர் அனுப்புவான் என்ற நம்பிக்கையும் உண்டு. மாணவரை விற்கும் நாடும் வாங்கும் நாடும் பேசாமலே ஓர் உடன்படிக்கைக்கு வந்துள்ளன. அதிலே கையொப்பமிடுமாறு கேட்கப்படாதவர்கள் மாணவரும் பெற்றோருமே.

ஆகவே, நாம் கோரவேண்டியது தொகையைக் கூட்டு என்பதுமன்று, குறை என்பதுமன்று. ஒரே வகுப்பிலே ஒரே பாடத்தைக் கேட்கும் இருவருக்கு ஒரே கட்டணம் என்பது கோரிக்கை. சேரும்போது சொன்ன கட்டணத்தையும் விதியையும் படிப்பு முடியும்வரை மாற்றக்கூடாது என்பது கோரிக்கை. வீசா மறுக்கப்பட்டால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். உழைக்கும் மாணவருக்குத் தொழிலாளர் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைக்கவேண்டும். பல்கலைக்கழகங்களை அந்தந்த நாடுகள் தத்தம் செல்வந்தரின் வரியினாலே தாங்கவேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேலையிழக்கும் ஆசிரியர்கள் இவற்றைத் தமது கோரிக்கைகளாகவும் ஏற்றாலன்றி, அவர்களுக்கும் விடிவில்லை. இங்கோ பல்கலைக்கழக இடங்களைப் பெருக்குமாறும், முகவர் தொழிலைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவருமாறும் நமது சங்கங்கள் குரலெழுப்பவேண்டும்.

இவையெல்லாம் நாளைக்கே நிறைவேறிவிடா. ஆனால், நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று ஆசிரியராகிய நம் கையிலுண்டு. சான்றுக் கடிதம் கேட்டு நம்மிடம் வரும் மாணவனுக்குக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்பாமல், அவனையும் அவனது பெற்றோரையும் இருத்தி, கட்டணம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, நாணய விகிதம் மாறினால் என்னவாகும், எத்தனை மணித்தியாலம் வேலைசெய்யலாம், விதி இடையிலே மாறினால் யாரிடம் முறையிடலாம் என்ற முழுக்கணக்கையும் தாளிலே எழுதிக் காட்டவேண்டும். முகவரின் வண்ணத்தாளிலே இக்கணக்கு இராது. காணி உறுதியை ஈட்டுக்குக் கொண்டுபோகு முன்னர் அந்தத் தாயும் தகப்பனும் இதனைப் பார்க்கவேண்டும். பார்த்த பின்னரும் போக விரும்புவோர் போகட்டும். அவர்களை நாம் வாழ்த்தி அனுப்புவோம். உதவி பெறப்போகிறோம் என்ற தாழ்மையோடு அவர்கள் அங்கே கால்வைக்கவேண்டியதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் விளக்குகள் எரிவதற்குத் தாமும் தமது ஊரும் செலவு கொடுத்திருக்கிறோம் என்பதை அறிந்தவர்களாக, உரிமையைக் கேட்கத் தெரிந்தவர்களாக அவர்கள் போகட்டும்.